சுத்தியல் எந்தத் திரையை உடைத்தது?

1984 ஜனவரி 22. அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஆட்டத்துக்கு நடுவே ஒரு நிமிட விளம்பரம் ஓடியது. ரிட்லி ஸ்காட் இயக்கியது. மொட்டைத் தலையும் சாம்பல் நிற உடையுமாக ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய திரையில் ஒருவர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார். ஓடிவரும் ஒரு பெண் சுத்தியலைச் சுழற்றி எறிய, திரை உடைகிறது. இரண்டு நாளில் ஆப்பிளின் மெக்கின்டோஷ் வருகிறது, இந்த 1984 ஆர்வெல்லின் நாவலில் வருவதுபோல இருக்காது என்று அறிவிப்பு.

விளம்பரமாகப் பார்த்தால் அபாரம்தான். கம்ப்யூட்டரையே காட்டவில்லை, அந்தப் பெண்ணின் பனியனில் ஒரு சின்னப் படம், அவ்வளவுதான். விற்ற சரக்கு விடுதலை.

எதிலிருந்து விடுதலை? திரையில் பேசுகிறவர் ஐபிஎம் என்றுதான் அன்றைக்குப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இடிப்பது இங்கேதான். 1981-ல் ஐபிஎம் கொண்டுவந்த பி.சி.யைப் பாருங்க. கூடுதல் கார்டு சொருக 5 ஸ்லாட். பாகங்கள் பெரும்பாலும் வெளியே கிடைப்பவை. சர்க்யூட் வரைபடம், பயாஸ் நிரல் எல்லாவற்றையும் கையேட்டில் அச்சடித்தே விற்றார்கள். பயாஸுக்குப் பதிப்புரிமை இருந்தது உண்மை. ஆனால் காம்பேக் அதைக் காப்பியடிக்காமல் தானே ஒன்றை எழுதிக்கொண்டு, 1982-லேயே அதற்கு இணக்கமான மெஷினை அறிவித்துவிட்டது. பிறகு ஆளாளுக்குச் செய்தார்கள், விலை இறங்கியது. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர்களும் அந்த வம்சம்தான்.

மெக்கின்டோஷ்? விலை 2,495 டாலர். 128 கேபி நினைவகம், அதுவும் போர்டிலேயே பற்றவைத்தது. ஒரு ஸ்லாட்கூடக் கிடையாது. பெட்டியைத் திறக்க நீளமான டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் தேடணும். அதே ஆப்பிள் 1977-ல் விற்ற ஆப்பிள் II-வில் மூடியைக் கையாலேயே தூக்கலாம், உள்ளே 8 ஸ்லாட்.

அதற்காக மெக்கை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. கட்டளைகளை மனப்பாடம் பண்ணாமல், மவுஸைப் பிடித்துச் சுட்டினால் வேலை நடக்கும் என்பது பெரிய விஷயம். ஜெராக்ஸ் ஆய்வகம் 1973-லேயே ஆல்ட்டோவில் செய்து பார்த்ததை மெக் கடைக்குக் கொண்டுவந்தது. 1985-ல் லேசர் பிரிண்டரும் பேஜ்மேக்கரும் சேர்ந்ததும், அச்சகத்தை நம்பியிருந்த பக்க வடிவமைப்பு மேசைக்கு வந்தது. பயன்படுத்துகிறவருக்கு இது நிஜமான விடுதலை. உள்ளே நோண்டிப் பார்க்க நினைப்பவருக்குப் பூட்டு. விளம்பரம் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைத்தது.

அந்தப் பூட்டு பின்னாளில் மென்பொருளுக்கும் வந்தது. 2008-ல் தொடங்கிய ஆப் ஸ்டோரில் ஆப்பிள் சம்மதித்தது மட்டுமே ஐபோனுக்குள் போகும். பிள்ளைகள் ஸ்கிராட்ச் மொழியில் எழுதிய நிரல்களை ஓட்டிக் காட்டும் ஒரு செயலியையே 2010-ல் நீக்கினார்கள். 2020 ஆகஸ்ட் 13 அன்று, 30 சதவீதக் கமிஷன் தகராறில் ஃபோர்ட்நைட் விளையாட்டை ஆப்பிள் நீக்கியதும், எபிக் கேம்ஸ் அதே நாளில் ஒரு நையாண்டிப் படம் விட்டது. அதே வரிசை, அதே சுத்தியல். திரையில் பேசுவது மட்டும் ஓர் ஆப்பிள் தலை. எபிக்குக்கும் அது காசு விவகாரம்தான், தியாகம் ஒன்றுமில்லை. ஆனால் 36 வருஷத்தில் அந்த முகம் அவ்வளவு எளிதாகப் பொருந்திவிட்டதே!

அசல் விளம்பரம் இணையத்தில் கிடைக்கிறது. பார்த்துவிட்டு, கையிலிருக்கும் போனைப் பற்றி மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நானே திறக்க முடியுமா? நான் எழுதியதை யார் அனுமதியும் இல்லாமல் இதில் ஓட்ட முடியுமா? பழுதானால் தெருமுனைக் கடைக்காரரால் சரிபண்ண முடியுமா?