முதிர்ச்சி என்கிற வசதி

ஒரு எழுத்தாளன் நடையை மாற்றிக்கொண்டால் உடனே 'முதிர்ச்சி' என்கிறோம். அந்தச் சொல் வந்ததும் பார்வை நின்றுவிடுகிறது. எதை விட்டான், விட்டது அவன் இஷ்டத்தின் பேரிலா என்ற கேள்விகள் எழுவதேயில்லை. இதே சோம்பலைக் கால்பந்தாட்டப் பேச்சிலும் நான் கண்டது புதுக்கடையில், ஒரு டீக்கடை பெஞ்சில். பேச்சு மைக்கேல் சூசைராஜைப் பற்றி.

அவர் ஊரான இரவிப்புத்தன்துறை புதுக்கடையிலிருந்து அதிக தூரமில்லை. இந்தப் பக்கம் ரப்பரும் வாழையும். அங்கே கடல், மணல், பந்து. மணலில் பந்து சரியாக உருளாது. காலோடு ஒட்டவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். 2017-18 ஐ-லீக் போட்டிகளில் சென்னை சிட்டி அணிக்கு அவர் ஆடியதைப் பார்த்தபோது எனக்கு அந்த மணல்தான் ஞாபகம் வந்தது. (இது என் கற்பனையாகவும் இருக்கலாம். கடற்புறத்து ஆள் என்றால் மணலைத் தேடுவது விமர்சகனுக்கு ஒரு வியாதி.) இடது ஓரத்தில் பந்தை வாங்குவார், ஒரு கணம் தயங்குவார், எதிராளி அந்தத் தயக்கத்தை நம்பிய மாத்திரத்தில் உள்பக்கம் திரும்பிப் போய்விடுவார். தயக்கம்தான் அவர் நடை. 2018-19இல் ஜாம்ஷெட்பூர் அணியிலும் இதே ஆட்டம்தான்.

2019-20இல் ஏ.டி.கே. அணிக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் ஹபாஸின் ஏற்பாடு வேறு. பின்னால் மூன்று பேர், நடுவில் ஐந்து பேர். இந்த ஐவரில் ஓரத்தில் நிற்பவன் தாக்கும்போது எதிராளியின் மூலை வரை ஏற வேண்டும்; பந்து பறிபோனால் தன் கோல் வரை ஓடிவர வேண்டும். இடது ஓரத்தில் அந்த ஆள் சூசைராஜ். ஓடினார், நன்றாகவே ஓடினார். ஆனால் அந்த இடத்தில் தயங்குவது ஆபத்து. தயங்கிப் பந்தை இழந்தால் முதுகுக்குப் பின்னால் மைதானம் காலி. ஆட்டம் நேர்கோடாயிற்று. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா பயத்தில் ரசிகர்களே இல்லாத கோவா மைதானத்தில், சென்னையின் அணியை 3-1 என்று வென்று ஏ.டி.கே. கோப்பையை எடுத்தது. பெஞ்சில் எல்லோர் வாயிலும் முதிர்ச்சி.

நான் மறுத்தேன். ஒரு நண்பர் மெஸ்ஸியைத் துணைக்கு அழைத்தார். வலது ஓரத்தில் ஆடிவந்த மெஸ்ஸியை, 2009 மே 2 அன்று மாட்ரிட்டில், குவார்டியோலா நடுவில் விட்டார். பார்சலோனா 6-2 என்று ஜெயித்தது. அதுவும் பயிற்சியாளன் இட்ட இடம்தானே என்றார் நண்பர். வாஸ்தவம். ஆனால் அந்த இடம் அவரிடம் ஏற்கெனவே இருந்ததைப் பெருக்கிற்று. சூசைராஜுக்குக் கிடைத்த இடம் இருந்ததைச் சுருக்கிற்று. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவது எப்படி நியாயம்? 2022இல் கத்தாரில், 35 வயதில், மெஸ்ஸி ஆட்டத்தில் பெரும்பகுதி நேரம் நடந்துகொண்டிருந்தார். களைப்பு மட்டுமல்ல அது. நடக்கிறவனுக்கு மைதானம் தெரிகிறது. வயது கேட்ட கப்பத்தை ஓட்டத்தில் கட்டிவிட்டு, தயக்கத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். எதைக் கொடுப்பது என்பதைத் தேர்ந்துகொள்ளும் சலுகை அவருக்கு இருந்தது. பெரும்பாலோருக்கு இருப்பதில்லை, எழுதுகிறவர்களிலும்தான்.

"சார், கப்பு வேணுமா, ஒங்க தயக்கம் வேணுமா?" என்று கேட்டான் டீ ஆற்றிக்கொண்டிருந்த பையன். சரியான கேள்வி. அணிக்குக் கோப்பைதான் வேண்டும்; ஹபாஸை நான் குறை சொல்லவில்லை. பார்க்கிறவனாகிய எனக்கு எது போயிற்று என்று கணக்கு வைப்பதுதான் வேலை.

2020 நவம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக சீஸனின் முதல் ஆட்டம். கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. முழங்காலில் அடிபட்டு சூசைராஜ் வெளியே போனார். அந்த சீஸன் அதோடு போயிற்று. பின்னர் ஒடிஷா அணிக்குச் சென்றார். ஓட்டத்தை நம்ப முடியாத கால், பழைய தயக்கத்திற்குத் திரும்பும், அங்கிருந்து மூன்றாவதாக ஒரு நடை பிறக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அதற்கு வயதல்ல, மைதானத்தில் நிமிஷங்கள் வேண்டும். பெஞ்சில் இப்போது அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.