முபாராஅத்தும் குல்உம்: ஒரு சொல்லின் விலை

புதுவையின் முஸ்லிம் பகுதியில் முல்லா வீதி, காஜியார் வீதி என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அப்பெயர்களில் ஒரு பழைய ஏற்பாட்டின் நினைவு உறைந்துள்ளது. பிரெஞ்சு ஆட்சி தன் சட்டத் தொகுப்புகளை இங்கு நடைமுறைப்படுத்திய 1819 ஜனவரி 6-ஆம் நாள் ஆணையிலேயே, 'மூர்கள்' எனப்பட்ட முஸ்லிம்கள் உள்ளிட்ட இந்தியருக்கு அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியும் தீர்ப்பு வழங்கப்படும் என ஏற்றுக்கொண்டது. தனியார் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தைத் தழுவ விரும்பியோர்க்கு 1881-ஆம் ஆண்டு ஆணை வழிவகுத்தது. அவர்களே 'ரெனோன்சான்' எனப்படுவோர். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் 1968-இல் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டபோது அவர்களுக்கு விலக்களிக்கப்பட்டது. ஏனைய புதுவை முஸ்லிம்களின் மணவிலக்கு ஷரீஅத்தின் வழியே நடைபெறுவது.

அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு தலாக், ஈலா, ளிஹார், லிஆன் ஆகியவற்றோடு குல்உ, முபாராஅத் ஆகிய இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்கிறது. சட்டம் பிரித்துச் சொன்னதை நம் ஜமாஅத் பதிவேடுகள் பிரித்து எழுதுகின்றனவா என்பதே நம் வினா.

மனைவி பிரிவை நாடி, மஹரையோ வேறொரு பொருளையோ ஈடாகத் தந்து விடுதலை பெறுவது குல்உ. திருமறையின் 2:229-ஆம் வசனமும், தாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்த நபிமொழியும் இதற்கு ஆதாரம். இருவருமே பிரிவை விரும்பி, ஒருவர் மற்றவரைப் பொறுப்புகளினின்று விடுவிப்பது முபாராஅத். 'பராஅத்', அதாவது விடுபடுதல், என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. குற்றஞ்சாட்டுதலோ எதிர்வழக்கோ இல்லாத மணவிலக்கு என இன்றைய நீதிமன்றங்கள் பேசுவதன் சாரம் இதில் அடங்கியுள்ளது. பிரான்ஸ் 1884-இல் மணவிலக்கை மீண்டும் அனுமதித்தபோதும், குற்றம் நாட்டினாலன்றி அதை வழங்கவில்லை; பரஸ்பர இசைவு அங்கு திரும்ப இடம்பெற்றது 1975-இல்தான். இந்து திருமணச் சட்டத்தில் அதற்கான 13-பி பிரிவு 1976-இல் சேர்ந்தது. இவற்றை நாம் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். ஆனால் பெருமைப்படுவதற்கு முன் நம் ஏடுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணம் நம் கருத்துக்காகக் கொண்டுவரப்பட்டது. கணவனும் மனைவியும் நெடுநாள் பிரிந்து வாழ்ந்தவர்கள், பிரிவை இருவரும் வேண்டினர், பூசல் ஏதுமில்லை. எழுத்தரோ வழக்கப்படி, "குல்உ பெற்றுக்கொண்டார்" என ஒரே வரியில் முடித்திருந்தார். நிலுவையில் இருந்த மஹரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அப்பெண் பின்னர் அதைக் கேட்டபோது, "நீதானே குல்உ வாங்கினாய்" என்ற மறுமொழியே கிடைத்தது.

அந்த ஒரு வரியின் விலை என்ன? நம் மாணவர்கள் 'ஹிதாயா'வில் ஓதும் பாடமே இதற்கு விடை கூறும். குல்உ, முபாராஅத் இரண்டுமே மணவாழ்வைச் சார்ந்த பரஸ்பர உரிமைகளை நீக்கிவிடும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. இரண்டுமே, வெளிப்படையாகக் கூறப்பட்டவற்றையன்றி வேறெதையும் நீக்கா என்றார் இமாம் முஹம்மத். முபாராஅத் நீக்கும், குல்உ நீக்காது என்றார் இமாம் அபூயூசுஃப். ஷாஃபிஈ மத்ஹபிலோ கூறப்படாத கடன் கடனாகவே நிற்கும். ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் கலந்து வாழும் கரையோர ஊர்களில் ஒரே வரி ஒருவர் பார்வையில் மஹரை அழிக்கிறது; மற்றவர் பார்வையில் அழிப்பதில்லை. பிணக்குக் கணவனிடமிருந்து எழுந்ததாயின் அவன் ஈடு வாங்குவது வெறுக்கத்தக்கது என்பதும் அதே நூலின் கூற்று. 4:20-ஆம் வசனத்தின் எச்சரிக்கையும் அத்திசையிலேயே நிற்கிறது. இவற்றைத் தேர்வுக்காகக் கற்பிக்கும் நாம், ஜமாஅத்தின் பேனா என்ன எழுதுகிறது என்று கேட்டதில்லை. குறை எழுத்தரிடம் மட்டுமில்லை, நம்மிடமும் உண்டு.

ஆகவே இரு தரப்பும் விரும்பிய பிரிவு முபாராஅத் என்றே எழுதப்பட வேண்டும். மஹர், பெண்ணின் நகைகள், இத்தாக்காலச் செலவு ஆகிய ஒவ்வொன்றும் கொடுக்கப்பட்டதா, விட்டுக்கொடுக்கப்பட்டதா என வரி வரியாகக் குறிக்கப்பட வேண்டும். பிள்ளைகளின் ஜீவனாம்சம் பிள்ளைகளின் உரிமை. பெற்றோர் அதைத் தமக்குள் பேரம் பேசித் தீர்க்க இயலாது.

அடுத்தது நீதிமன்றம். தனியார் ஷரீஅத் மன்றம் அளித்த குல்உ சான்றிதழ் செல்லாது, பெண் குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. புதுவையும் அதன் ஆளுகைக்கு உட்பட்டதே. அத்தீர்ப்பைச் சிலர் ஷரீஅத்தின் மீதான தாக்குதலாகக் கண்டனர். அவ்வழக்கில் கணவர் எதிர்த்து நின்றார். இருவரும் இசைந்த முபாராஅத்தின் நிலை வேறு. நீதிமன்றத்துக்கு வெளியே நிகழும் இவ்வகை மணவிலக்குகள் செல்லும் என்றும், குடும்ப நீதிமன்றம் அவற்றை உறுதிசெய்து அறிவிக்கலாம் என்றும் கேரள உயர்நீதிமன்றம் 2021-இல் கூறியது. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, ஒருவரின் மண நிலையை அறிவிக்கும் அதிகாரத்தை அம்மன்றத்துக்குத் தருகிறது. 65:2-ஆம் வசனம் நேர்மையான இரு சாட்சிகளை நிறுத்தச் சொல்கிறது. அச்சாட்சியம் நிலைக்க அரசின் முத்திரையையும் பெறுவதில் மார்க்கத்துக்கு இழுக்கு எதுவுமில்லை. மறுமணம் செய்யவோ கடவுச்சீட்டில் திருத்தம் கோரவோ செல்லும் பெண்ணின் கையில் செல்லத்தக்க ஒரு தாள் இருக்க வேண்டும்.

பிரிவை எளிதாக்கியது ஷரீஅத்தின் கருணை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்றறியாமல் ஒரு பெண் கையெழுத்திடும்போது அந்த எளிமை அவளுக்கு இழப்பாக முடிகிறது. மறுப்பு எழவில்லை என்பதாலேயே மனம் இசைந்தது என்று ஆகிவிடாது. கையொப்பத்துக்கு முன் ஆவணத்தை அவள் காதுபட ஒருமுறை வாசித்துக் காட்டுவது நம் ஜமாஅத்துகளுக்குப் பெரும் சுமையன்று. அல்லாஹ் நன்கறிந்தவன்.