ராபிள்ஸ் வகுத்த நகரும் சிராங்கூன் சாலையும்

நகரை மனத்தில் கட்டிப் பார்க்கும் வழக்கம் தமிழிலக்கியத்திற்குப் பழையது. பரிபாடல் மதுரையைத் தாமரையாகவும் அதன் தெருக்களை இதழ்களாகவும் காண்கிறது. சிலப்பதிகாரமோ புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுத்து, இடையில் நாளங்காடியை வைக்கிறது. வேற்று நாடுகளிலிருந்து வந்தோர் மருவூர்ப்பாக்கத்தில் கலந்துறைந்தனர் என்று இளங்கோவடிகள் கூறுவது கருதத்தக்கது.

1822 நவம்பரில் ராபிள்ஸ் நகரக் குழுவிற்கு அளித்த கட்டளைகள் இதற்கு நேர்மாறானவை. ஜாக்சன் பெயரால் வழங்கும் வரைபடத்தில் தெருக்கள் நேர்கோட்டில் ஓடிச் செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. ஐரோப்பியர், சீனர், அரபியர், பூகிஸ் மக்கள் ஆகியோருக்குத் தனித்தனிப் பகுதிகள். தென்னிந்தியர்க்கு ஆற்றின் மேற்பகுதியில் சூலியா கம்போங். ஒழுங்கின்மேல் கொண்ட காதல் பாராட்டுக்குரியதே. ஆயினும் மனிதரை இனம்பார்த்து அடுக்கிய அத்திட்டம், அவர்தம் பிழைப்பை எண்ணிப் பார்க்கவில்லை.

பிழைப்போ வேறிடத்தில் இருந்தது. வகுத்த நகருக்கு வெளியே, நீரும் புல்லும் மிகுந்த சிராங்கூன் சாலையோரத்தில் செங்கற்சூளைகள் எழுந்தன. மாட்டுக் கொட்டில்கள் பெருகின. 1843இல் அருகே குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. தொழில் இருந்த இடத்திற்குத் தமிழர் சென்றனர். அவர்பின்னே கோயிலும் கடையும் வந்தன. எவரும் வரையாத இக்குடியிருப்பே தமிழரின் நகராயிற்று. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயரின் பொருளே எருமைக் கொட்டில்தான்! பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தது, மாடுகளும் போயின, தெருப்பெயர்கள் மட்டும் நிலைத்தன.

ராபிள்ஸின் கட்டளைகளில் ஒன்று மட்டும் காலத்தை வென்றது. வீடுதோறும் முகப்பில் தொடர்ச்சியான நிழல்வழி விடவேண்டும் என்பது அது. அந்த ஐந்தடி நடைபாதையைக்கூட வணிகர் தம் கடையின் நீட்சியாக்கிக் கொண்டனர். அதை மீட்க அதிகாரிகள் முயன்றபோது, 1888இல் கலவரமே மூண்டது.

1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. வரைபடத்திற்கு அடங்காது வளர்ந்த இடம் இவ்வாறு வரைபடத்துள் வந்தது. சுவரும் கூரையும் காக்கப்பட்டன, நன்றே. ஆனால் 2001இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டபின், அந்தச் சுவர்களுக்குள் பூத்தொடுப்பவரும் மாவரைப்பவரும் நீடிப்பது சந்தை விலையைப் பொறுத்ததாயிற்று. கட்டடத்தைக் காக்கும் விதிகள் உண்டு. சிறுதொழிலைக் காக்கும் விதியை எவர் எழுதுவார் என்பதே சிராங்கூன் எழுப்பும் வினா.