சொற்பட்டியலில் அகப்படாத மயிலாப்பூர் மொழி

ஜன்னல், மேசை, சாவி, அலமாரி ஆகியவை போர்த்துக்கீசியச் சொற்கள் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். இவ்வகைப் பட்டியல்களுள் பெரியது, கோவாவில் பிறந்த பாதிரியார் தல்காதோ 1913இல் வெளியிட்ட நூல். சுமார் 50 ஆசிய மொழிகளில் புகுந்த போர்த்துக்கீசியச் சொற்களை அதில் திரட்டியுள்ளார். 1936இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. ஒரு தனிமனிதரின் உழைப்பா இது என்று வியப்பு உண்டாகிறது.

ஆயினும் ஒரு குறை. சொல்லை வாங்கியவர் கணக்கு இருக்கிறது. அதைப் பேசிய வாய்களைக் காணோம். 1520களில் சாந்தோமில் குடியேறிய போர்த்துக்கீசியர் இங்கேயே மணம் புரிந்தனர். அவர்களுடைய குடும்பங்களில் ஒரு கலப்புமொழி பிறந்தது. அது கடைத்தெருவிலும் பரவியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளுக்கு வரும் பாதிரிமார் ஓராண்டுக்குள் போர்த்துக்கீசியம் கற்றாக வேண்டும் என்று 1698ஆம் ஆண்டுச் சாசனம் விதித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

இம்மொழியின் உறவுமொழி இலங்கையில், மட்டக்களப்புப் பறங்கியர் சிலரிடம் இன்றும் உள்ளது. அதை ஐயன் ஸ்மித் 1970களில் ஆராய்ந்தார். 'அம்மாவுக்கு' என்பதில் நாம் 'கு' உருபைப் பின்னே வைக்கிறோம். போர்த்துக்கீசியரோ அதே பொருள் தரும் 'பாரா'வைப் பெயருக்கு முன்னே வைப்பர். மட்டக்களப்பில் அந்தப் 'பாரா' தேய்ந்து, தமிழைப் போலவே பெயருக்குப் பின்னே போய் ஒட்டிக்கொண்டது. சொல் அவர்களுடையது, அது நிற்கும் இடம் தமிழுடையது. எந்தச் சொற்பட்டியலில் இதைக் காண முடியும்? தமிழ் வாங்கியதை மட்டும் எண்ணி, தமிழ் கொடுத்ததை விட்டுவிடுகிறோம்.

நிகராகுவா நாட்டின் மத்தகால்ப்பா மக்கள் இன்றும் வாழ்கிறார்கள், ஸ்பானியம் பேசிக்கொண்டு. 19ஆம் நூற்றாண்டில் மறைந்த அவர்கள் மொழியில் மிஞ்சியவையும் பெரும்பாலும் சொற்பட்டியல்களே. மயிலாப்பூரிலும் மனிதர்கள் அழியவில்லை. அவர்களுடைய சந்ததியார் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறினார்கள், அவ்வளவுதான்.

தல்காதோ இலக்கணம் அறியாதவர் அல்லர். நாகப்பட்டினத்துக் கலப்புமொழிக்கு 1917இல் தனிக் கட்டுரையே எழுதினார். மயிலாப்பூருக்கு எழுதவில்லை. இங்கே மிஞ்சியிருப்பதில் 'லஸ்' ஒன்று. ஒளியின் மாதா கோயிலின் பெயரிலுள்ள 'ஒளி' அது. நம்மவர்களோ அக்கோயிலைக் 'காட்டுக்கோயில்' என்றே அழைத்து வந்தார்கள்.