மென்பொருளுக்கு முன்னே வாசகர் கேள்வி

சித்தூரிலோ திருப்பதியிலோ வீட்டு வரி கட்டுகிறவர் ரூபாய்க்கு 8 பைசா வீதம் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார். 1960-இல் வந்த ஆந்திரப் பிரதேசப் பொது நூலகச் சட்டப்படி அந்தப் பணத்தை நம்பித்தான் மாவட்ட நூலக அமைப்பான ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா நடக்கிறது. அதற்கும் முன்னால், 1953 அக்டோபரில் ஆந்திரம் தனி மாநிலமான பிறகும், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பால் உருவான 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டமே இங்கும் செல்லுபடியானது. முக்கால் நூற்றாண்டாகத் தங்கள் காசில் நூலகம் நடத்தும் மக்களுக்கு, அங்கே போய் ஒரு சந்தேகம் கேட்டால் பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முழு உரிமை உண்டு.

பொது நூலகங்களை நவீனமாக்கும் வேலை நாடெங்கும் ஒரே வரிசையில் நடக்கிறது. முதலில் கணினி, அடுத்து மென்பொருள், பிறகு இணையதளம். வாசகரின் கேள்விக்குப் பதில் தேடிக் கொடுக்கும் ரெஃபரன்ஸ் பணி கடைசியில் நினைவுக்கு வருகிறது. சில இடங்களில் வருவதே இல்லை. இதில் நடக்கும் நல்லதை மறுக்க மாட்டேன். ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இ-கிரந்தாலயா என்ற நூலக மென்பொருள் அரசு நூலகங்களுக்கு இலவசம். அதன் 4.0 பதிப்பு மையத்தின் சொந்த கிளவுடில் ஓடுகிறது. மாவட்ட நூலகத்தில் சர்வர் வேண்டாம், அதைப் பராமரிக்க ஆளும் வேண்டாம். காலிப் பணியிடங்களோடு தள்ளாடும் ஒரு நூலகத்துக்கு இது பெரிய விடுதலை. எதிர்ப்பக்கத்தில், அதன் மூலநிரல் திறந்ததல்ல. திருப்பதிக்கு மட்டும் ஒரு மாற்றம் வேண்டுமென்றால் டெல்லியைத்தான் கேட்க வேண்டும்.

கோஹா என்ற இன்னொரு நூலக மென்பொருள் அப்படிப்பட்டதல்ல. யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் லினக்ஸ் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவர் இல்லாத நூலகத்தில் இலவசம் என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை. கோஹா பிறந்த கதையை நூலகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா என்ற சிறு பகுதியின் நூலகங்கள், தங்கள் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று 1999-இல் உணர்ந்தன. விலைக்கு இருந்தவை ஒத்துவராததால், தங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்து ஒரு சிறு நிறுவனத்தைக் கொண்டு புதிதாகச் செய்துகொண்டன. 2000 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது. நான் இதில் வியப்பது அந்த நிரலைவிட, தேவையை நூலகமே எழுதிக் கொடுத்ததைத்தான்.

சித்தூரும் திருப்பதியும் அப்படி எழுதினால் என்ன எழுதும்? ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். திருமலைக் கோயில் கல்வெட்டுகளை தேவஸ்தானம் 1930-களில் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. அவற்றில் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகள். கோயிலுக்குத் தானமாக வந்த ஊர்களின் பெயர்கள் அவற்றில் ஏராளம். புத்தூரிலிருந்தோ நகரியிலிருந்தோ ஒருவர் வந்து, “எங்கள் ஊர் பெயர் திருமலைக் கல்வெட்டில் இருக்கிறதா?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கேள்வி, பதில் இருக்கக்கூடிய கேள்வி. ஆனால் தொகுதிகள் ஓரிடத்தில், சுவடிகள் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில், பழைய மாவட்ட விவரங்கள் வேறிடத்தில். திருத்தணி 1960 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்ததால், அந்தப் பக்கத்துக் குடும்பங்களும் பழைய விவரம் தேடி இங்கே வர நேரும். புத்தகத்தின் பெயர் ஓர் அட்டவணையில் ஆங்கில எழுத்தில், இன்னொன்றில் தெலுங்கில், வேறொன்றில் தமிழில் பதிவாகியிருக்கும். ஒரு எழுத்தில் தேடினால் மற்ற இரண்டும் சிக்காது. யூனிகோடு இருந்தால் போதும் என்று மென்பொருள் விற்பவர் சொல்வார், போதாது. ஒரே பெயரின் மூன்று எழுத்து வடிவங்களையும் நூலகர் உட்கார்ந்து பதிவில் இணைத்தால்தான் தேடல் பலிக்கும். அதற்கு வேண்டியது மனித உழைப்பு, அந்த உழைப்பை ஏற்றுக்கொள்ளும் இடமுள்ள மென்பொருள். இன்று இந்த இணைப்புகள் அனுபவமுள்ள நூலகரின் மனத்தில் மட்டுமே இருக்கின்றன. அவர் ஓய்வு பெறும் நாளில் அவையும் வெளியேறிவிடுகின்றன.

வாசிப்பறையை நிறைத்திருக்கும் இளைஞர்களின் தேவை எளிது. அரசுப் பணிக்கான குரூப் தேர்வுக்கும் ஆசிரியர் பணிக்கான டிஎஸ்சிக்கும் படிக்கிறவர்களுக்குப் பாடத்திட்டம், பழைய வினாத்தாள், எந்தக் கிளையில் எந்தப் பதிப்பு என்ற விவரம் போதும். கைபேசியில் திறக்கும் ஒரு பக்கத்தில் இதைத் தந்துவிடலாம். அந்தத் தளத்தை அமைக்க வேர்ட்பிரஸ் தாராளமாகப் போதும். ட்ரூபல் வலுவானதுதான், ஆனால் கைதேர்ந்தவர் இல்லாமல் நகராது. எதை எடுத்தாலும் புதுப்பிக்காமல் விட்ட தளத்தில் சூதாட்ட விளம்பரம் புகுந்துகொள்ளும். ஆகவே தளத்தை யார் பார்த்துக்கொள்வார் என்று முடிவாகாமல் எதையும் தொடங்கக் கூடாது.

இந்த மண்ணுக்கே உரிய இன்னொரு சிக்கல் எல்லை. 1953, 1960, தெலங்கானா பிரிந்த 2014 என்று கோடுகள் மாறின. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகி, நெல்லூரின் சில பகுதிகள் அதில் சேர்ந்தன; மதனப்பள்ளி வேறு மாவட்டத்துக்குப் போனது. நூலகத் தரவும் இப்படிப் பிரியவும் சேரவும் வேண்டியிருக்கும். மார்க் 21 போன்ற பொது வடிவில் முழுத் தரவையும் வெளியே எடுக்க முடியாத மென்பொருள், வேறு எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே வேண்டாம். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவின் தளம் முடங்கியபோது, ஆர்வலர்கள் முன்கூட்டியே இன்டர்நெட் ஆர்கைவில் பிரதி வைத்திருந்ததால்தான் லட்சக்கணக்கான நூல்கள் கைக்கு எட்டுகின்றன. அரசுத் திட்டம் என்பதே பாதுகாப்பாகிவிடாது.

வாட்ஸ்அப்பில் கேள்வி வாங்கலாம் என்ற யோசனையை வரவேற்கிறேன். குப்பத்திலிருக்கும் ஒருவர் திருப்பதிக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. ஆனால் நோயைப் பற்றியும் வழக்கைப் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. பதிலைச் சேமிக்கும்போது கேட்டவரின் பெயரும் எண்ணும் நீக்கப்பட்டே ஆக வேண்டும்.

பணம் வேண்டும் என்பது உண்மை. வசூலான நூலக வரியை உள்ளாட்சிகள் நூலகத்துக்கு முழுதாகத் தராமல் வைத்திருப்பது ஆந்திரத்தின் பழைய புண். ஆனால் முதல் வேலைக்குப் பணமே வேண்டாம். ஆறு மாதம், ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டில், என்ன கேட்டார்கள், எங்கே பதில் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று நூலகர்கள் எழுதட்டும். ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் துறை இருக்கிறது. அதன் மாணவர்கள் இதைக் களப்பணியாகச் செய்யலாம். டெண்டர் அறிவிப்பு அந்த நோட்டுகளைப் படித்த பிறகு வரட்டும்.