ரவ்த் அல்-கிர்தாஸ்: இத்ரிசிய வரலாற்று மூலமாக ஒரு மதிப்பீடு

மொரோக்கோவின் இத்ரிசிய அரசமரபைப் பற்றி வழங்கும் கதைகளில் பெரும்பகுதி, இப்னு அபீ ஸர் 1326 அளவில் ஃபெஸ் நகரில் எழுதிய ‘ரவ்த் அல்-கிர்தாஸ்’ நூலின் வழி வந்தவை. அப்போது அம்மரபு வீழ்ந்து மூன்று நூற்றாண்டுகள் கடந்திருந்தன.

ஃபெஸ் நகரை இரண்டாம் இத்ரிஸ் 808-இல் நிறுவினார் என்கிறது இந்நூல். ஆனால் அவ்வாண்டுக்கு முன்பே ஃபெஸ் பெயர் பொறித்த நாணயங்கள் வெளிவந்துள்ளன. அவற்றைக் கொண்டு, நகரின் தொடக்கம் 789-இல், தந்தை முதலாம் இத்ரிசின் காலத்தில் என்று லெவி-ப்ரொவான்சால் நிறுவினார். கராவிய்யீன் பள்ளிவாசலிலும் இதே சிக்கல். ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி 859-இல் அதைக் கட்டத் தொடங்கினார் என்பது இந்நூல் பரப்பிய செய்தி. அங்கேயே கண்டெடுக்கப்பட்ட பழைய எழுத்துப்பொறிப்போ 877-ஐயும், இரண்டாம் இத்ரிசின் மகன் தாவூதையும் குறிப்பிடுகிறது.

நூல் மரீனியர் ஆட்சியில் எழுதப்பட்டது என்பதை மறக்கலாகாது. ஸனாத்தா பெர்பர்களான அவர்களுக்கு நபிவழி மரபுரிமை இல்லை. தங்கள் தலைநகருக்கு நபிமரபைச் சேர்ந்த ஒரு புனித நிறுவனர் கிடைப்பது அவர்களுக்கு ஆதாயமே (நாணயத்துக்கு அத்தகைய தேவை இல்லை).

மரீனியரைப் பற்றிய பகுதி வேறு வகை. அங்கே ஆசிரியர் தம் காலத்தையும் அதற்கு அண்மைய காலத்தையும் எழுதுகிறார். புகழுரையைக் கழித்துவிட்டால் நம்பிப் பயன்படுத்தக்கூடியவை நிறையவே உள்ளன.