கோச் சொன்னதில் எது தப்பாப் போச்சு?

கோவையில் பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான் என் கல்லூரி நண்பன். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். "தொழில்ல யோசனை கேக்க ஒரு பெரியவர் இல்லடா" என்று புலம்பினான். நான் சும்மா இருக்காமல் ‘ட்ரில்லியன் டாலர் கோச்’ (2019) புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒருத்தனுக்கும் சனிக்கிழமை சம்பளம் போடக் காசில்லாமப் போகலையே?"

அந்தக் கேள்வி உறுத்தியது. மறுபடி படித்தேன்.

எரிக் ஷ்மிட், ஜோனதன் ரோசன்பெர்க், ஆலன் ஈகிள் மூவரும் கூகுளில் இருந்தவர்கள். 2016ல் மறைந்த பில் கேம்பல் பற்றி எழுதியிருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். பிறகு இன்ட்யூட்டின் தலைமை அதிகாரி. கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஷ்மிட் போன்றவர்களுக்கே ஆலோசகர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கு யோசனை சொல்லலாம் என்பதற்கு இந்த நூல் வைக்கும் அளவுகோல் சரியானது: நேர்மை, பணிவு, விடாமுயற்சி, கற்கும் மனம். இவை இல்லாதவருக்கு எவ்வளவு பெரிய ஆள் வந்தும் பயனில்லை. திருக்குறளின் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரமும் பொறுப்பைத் தேடிப் போகிறவன் மேல்தான் வைக்கிறது. இடித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் எதிரியே வேண்டாம், தானாகவே கெடுவான் என்கிறது.

சிக்கல் சான்றில் இருக்கிறது. எண்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பேட்டி கண்டிருக்கிறார்கள். எல்லோரும் கேம்பலை அறிந்தவர்கள், நேசித்தவர்கள். பாஸ் ஆன டெஸ்ட் கேஸை மட்டும் காட்டி ‘மென்பொருளில் பிழையே இல்லை’ என்றால் எங்கள் ஆபீஸில் சிரிப்பார்கள். கேம்பலின் அணி 12 ஆட்டம் ஜெயித்து 41 தோற்றது. அவர் நடத்திய கோ என்ற கம்பெனியும் கரையேறவில்லை. கால்பந்துத் தோல்வியை அவருடைய இளகிய மனதுக்குச் சான்றாகவே நூல் மாற்றிவிடுகிறது. அவர் சொன்ன யோசனை எப்போது தவறியது, அதைக் கேட்டு யார் நஷ்டப்பட்டார்கள்? வாசகனுக்குத் தேவையான அந்தக் கணக்கு எங்கேயும் இல்லை.

இன்னொன்று. 1997 முதல் 2014 வரை ஆப்பிளின் இயக்குநர் குழுவில் இருந்துகொண்டே கூகுளுக்கும் ஆலோசனை சொன்னார். நடுவில் இரண்டும் போன் சந்தையில் நேரடிப் போட்டியாளர்கள் ஆகிவிட்டன. அவர் அதைச் சமாளித்திருக்கலாம். ஆனால் என் நண்பனின் விலைப்பட்டியல் பக்கத்துப் பட்டறைக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. ‘வேறு யாருக்கெல்லாம் யோசனை சொல்றீங்க?’ என்று முதல் நாளே கேட்டுவிடுவது அவனுக்கு நல்லது.

பெரிய கம்பெனியில் ஒரு முடிவு தப்பினால் ஒரு பிரிவு மூடும். சின்னத் தொழிலில் வீட்டு நகை அடகுக்குப் போகும். நூலின் பெயரிலேயே இருக்கும் அந்தத் ட்ரில்லியன் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது.

நண்பனுக்கு ஆள் வேறு வழியில் கிடைத்தார். பெரிய ஆலையில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். வந்ததும் தத்துவம் பேசவில்லை. "வர வேண்டிய பாக்கி லிஸ்டை எடுங்க தம்பி" என்றாராம். பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடம் முடங்கியிருந்தது. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இவன் வாய் திறந்ததே இல்லை. ஆர்டர் போய்விடுமே என்ற பயம். பழைய பாக்கி வராமல் புது ஆர்டர் எடுக்காதே என்றார் பெரியவர். எடுக்கவில்லை. இப்போது இரண்டு மெஷின் சும்மா நிற்கிறது.

அவர் சொன்னது சரியா தப்பா என்று இன்னும் மூணு மாசத்தில் தெரியும். தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தப்பாப் போனாலும் அழிக்காதே என்றும்.